ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலைக்கு மாதம் 11,000 ரூபாய் நியாயமா?

தக்கலைப் பெண்:
பி.காம். முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை செய்கிறேன். சம்பளம் 11,000 ரூபாய். முப்பதுக்கு மேற்பட்ட கடைகளின் கணக்கு என் பொறுப்பு. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், போக வேண்டும். பில்களோ பத்தாம் தேதி சாயங்காலம்தான் மஞ்சள் பையில் வந்து சேரும். எண்ணெய்க் கறையில் ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்து அழிந்திருக்கும்; கடைக்குப் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு கடையின் 3பி, அதாவது வரி கட்டும் மாத ரிட்டர்ன், தாமதமானது. அந்த அபராதத்தை என் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். வீட்டில், நகராட்சிக்கு வரி வசூலிக்கும் பில் கலெக்டர் வேலைக்குத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

மார்த்தாண்டம் அண்ணாச்சி:
தங்கச்சி, முதலில் அந்தப் பிடித்தத்தைக் கேள். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத ரிட்டர்னுக்கு 20. சட்டம் அதைப் பதிவு பெற்ற வியாபாரியிடம்தான் கேட்கிறது, கணக்கு எழுதுகிற பிள்ளையிடம் அல்ல. பில் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று இனி ஒரு நோட்டில் எழுதி வை.

சம்பளத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. உங்களைத் தட்டச்சு செய்பவர்களாகவே நடத்துகிறார்கள். எங்கள் ஊர் ரப்பர் வியாபாரி கோட்டயத்துக்கு ஷீட் அனுப்பினால் அது ஐஜிஎஸ்டி, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி. அதை உள்ளூர் விற்பனைபோல மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டால், அங்கே வாங்குபவருக்குத் தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது, வியாபாரமே முறியும். 14ஆம் தேதி 2பி, அதாவது விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியல், வந்ததும் கொள்முதலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிப்பதும் நீதானே? அதற்குத்தான் கூலி. கேரளத்துக்கு விற்கும் கணக்குகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போய்ச் சம்பளம் பேசு. 3பிக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி முடிந்த பிறகு பேசு. அதற்கு முன்னால் எவர் காதிலும் ஏறாது.

குளச்சல் வாசகர்:
நான் பில் கலெக்டர். தமிழக அரசின் குரூப் 4 தேர்வு வழியாக வந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. வேலை சுலபம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சொத்து வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்பதால் அந்த நாட்களில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் பூட்டிய வீடுகள். உரிமையாளர் வளைகுடாவில் இருப்பார், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஆனாலும் மாதக் கடைசியில் சம்பளம் தவறாது. பட்டம் இருப்பதால் மத்திய அரசின் டாக்ஸ் அசிஸ்டென்ட் பணியையும் பாருங்கள். அதற்கு அடிப்படை 25,500.

தக்கலைப் பெண்:
நன்றி அண்ணாச்சி. பட்டியல் எடுத்தேன், கேரளத்துக்கு விற்பவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக நானே பதிவு செய்ய முடியுமா?

மார்த்தாண்டம் அண்ணாச்சி:
பி.காம். போதும். விண்ணப்பம் போட்டுவிடு. குரூப் 4க்கும் படி. இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.