சித்தி வீட்டு முள்ளுக்காடு

குழு: தாத்தா வீட்டு வாரிசுகள்

சனிக்கிழமை

சித்தி 7:42
[புகைப்படம்]
யாராவது வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடுங்கப்பா. பக்கத்து வீட்டு அஜ்ஜி, அதான் அந்தக் கன்னடப் பாட்டி, காலங்காத்தால கேட் கிட்ட நின்னு "ஏனம்மா, காடு பெளெஸ்தித்தீரா?"ன்னு, காடா வளக்கறீங்கன்னு, கேட்டுட்டுப் போறாங்க. ஒரு கொம்பு மதில் தாண்டி அவங்க சம்ப் தண்ணித்தொட்டி மூடி மேல போய்ப் படுத்திருக்கு

அம்மா 7:50
அந்த ப்ளாக்பெர்ரியா இது? நான் வந்தப்ப ஒரு முழம்தானே இருந்துச்சு

சித்தப்பா 7:51
ரெண்டே வருஷம் அண்ணி. எல்லாம் கைராசி 😎

சித்தி 7:53
கைராசியா? என் கையைப் பாருங்க
[புகைப்படம்]
நேத்து துணி எடுக்கப் போனேன், புடவை மாட்டிக்கிச்சு. இழுக்க இழுக்க முள்ளு உள்ள இறங்குது. பின்னாடி நகர்ந்தாத்தான் விடுது. முப்பதுக்கு நாற்பது அடி சைட்ல பின்னால மிச்சம் இருக்கிறதே நாலடி, அதுலயும் நடக்க வழியில்ல

நான் 7:58
நாளைக்கு வர்றேன் சித்தி. விஜயநகர்ல மெட்ரோ ஏறினா நேரா பென்னிகானஹள்ளி. அங்கிருந்து ஆட்டோ புடிச்சுக்கறேன்

சித்தப்பா 8:01
நீ எதுக்கும்மா அலையற? தரையோட மொத்தத்தையும் வெட்டிட்டாப் போச்சு. அதுவா வளந்துக்கும்

கோத்தகிரி மாமா 8:04
மாப்ளே, கட்டரைக் கீழ வைங்க

கோத்தகிரி மாமா 8:09
மொத்தமா வெட்டினா வேர் சாகாது, ஆனா அடுத்த வருஷம் ஒரு பழம் பாக்க முடியாது. வேர்தான் வருஷக்கணக்கா நிக்கும். கொம்புக்கு ஆயுசு ரெண்டு வருஷம். மொத வருஷம் சும்மா வளரும், மறு வருஷம் காய்க்கும், காய்ச்ச கையோட காஞ்சு போகும். காய்ச்சு முடிச்சதை மட்டும் அடியோட எடுங்க. குச்சி நீட்டிட்டு விடக்கூடாது

சித்தி 8:11
எது பழசு எது புதுசுன்னு எப்படிண்ணா தெரியும்? சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கு

கோத்தகிரி மாமா 8:14
மேல பாக்காத பாப்பா. குனிஞ்சு அடியில பாரு. பழசு கட்டை மாதிரி பழுப்பா இருக்கும். நுனியில காஞ்ச காம்பு கொத்துக்கொத்தா நிக்கும். இந்த வருஷம் வந்தது வழவழன்னு இருக்கும், பூத்த தடமே இருக்காது. பழசுக்கெல்லாம் இன்னைக்கே ஒரு துணி கட்டி வை. நாளைக்கு வெட்டும்போது குழம்பாது

சித்தி 8:22
[புகைப்படம்]
புதுசுல விபூதி பூசின மாதிரி வெள்ளையா ஏதோ இருக்கே. பூஞ்சையா? விரல்ல தேச்சா போயிடுது, உள்ள ஊதா நிறம்

கோத்தகிரி மாமா 8:24
இரு இரு. இலையைத் திருப்பி ஒரு போட்டோ போடு

சித்தி 8:26
[புகைப்படம்]
அடியில வெள்ளை

கோத்தகிரி மாமா 8:27
பழம் மிச்சம் இருக்கா? நல்லாக் கறுத்ததா ஒண்ணு பறி. நடுவுல இருக்கிற தண்டு பழத்தோட வருதா, செடியிலேயே நிக்குதான்னு சொல்லு

சித்தி 8:35
செடியிலேயே நிக்குது. பழம் குல்லா மாதிரி உள்ள ஓட்டையா வந்துச்சு. குட்டி அதை விரல்ல மாட்டிக்கிட்டு ஓடறான்

கோத்தகிரி மாமா 8:36
😂😂😂
மாப்ளே, இது ப்ளாக்பெர்ரியே இல்ல. மைசூர் ராஸ்பெர்ரி. ப்ளாக்பெர்ரின்னா தண்டும் பழத்தோடயே வந்துடும். இது எங்க மலையில ரோட்டோரம் தானா மொளைக்கிறது. சின்ன வயசுல தின்னுட்டு ஊதா நாக்கோட வீட்டுக்குப் போய் அடி வாங்கினது எங்க அக்காவுக்குத் தெரியும்

அம்மா 8:38
அடி வாங்கினது நானு. தின்னது நீ

சித்தப்பா 8:38
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி 8:39
எதை நீக்கினீங்க? 350 ரூபாய் குடுத்ததையா?

சித்தப்பா 8:42
நர்சரியில ப்ளாக்பெர்ரின்னுதான் எழுதி வெச்சிருந்தாங்க. பழமும் கறுப்பா இருந்துச்சு. நான் என்ன ஜோசியமா பாப்பேன்

அம்மா 8:44
எனக்கு ப்ளாக்பெர்ரின்னாலே நாவப்பழம்தான். இங்க பாதிப் பேர் அப்படித்தானே சொல்றாங்க

கோத்தகிரி மாமா 8:50
அசல் ப்ளாக்பெர்ரியில பெரும்பாலான ரகத்துக்கு வருஷத்துல சில நூறு மணி நேரமாவது 7 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும். பெங்களூரு மார்கழி எந்த மூலைக்கு? இவ்வளவு காய்க்குதுன்னு மாப்ளே அளந்தப்பவே சந்தேகப்பட்டேன். எதுவா இருந்தாலும் வெட்டற முறை ஒண்ணுதான்

அம்மா 8:52
பேசாம வேர்ல உப்பைக் கொட்டிடுங்க. சனியன் ஒழியட்டும்

கோத்தகிரி மாமா 8:53
அக்கா! பக்கத்துலயே கறிவேப்பிலை நிக்குது, அந்தப் பக்கம் அஜ்ஜி சம்ப். உப்பும் வேண்டாம், களைக்கொல்லியும் வேண்டாம்

கோத்தகிரி மாமா 8:58
இது நுனியாலயும் பரவும். கொம்பு வளைஞ்சு மண்ணைத் தொட்டுச்சுன்னா அங்க வேர் விட்டு இன்னொரு செடியாயிடும். மழை வேற வரப்போகுது. தொங்கற நுனியை எல்லாம் தூக்கிக் கட்டு

சித்தி 9:10
அண்ணா ஒரு நுனி துளசித் தொட்டிக்குள்ள போய் உக்காந்திருக்கு. இழுத்துப் பாத்தேன், வரல 😭

லீட்ஸ் அண்ணன் 12:47
இப்பதான் எழுந்தேன். சித்தி, இங்க இங்கிலாந்துல என் வீட்டுப் பின்னால நிஜ ப்ளாக்பெர்ரி வேலியையே முழுங்கிடுச்சு. செப்டம்பர் 29 மிக்கேல் திருநாள் தாண்டினா பறிக்கக் கூடாதாம், சாத்தான் துப்பிடுவானாம். எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னது

லீட்ஸ் அண்ணன் 12:49
சித்தப்பா செடியும் லேசுப்பட்டதில்ல. காலபாகோஸ் தீவுல இதே மைசூர் ராஸ்பெர்ரி காட்டுக்குள்ள பூந்து பெரிய தலைவலி. பறவை தின்னு விதையைப் பரப்பிடுது

சித்தப்பா 12:55
பாத்தியா, வெளிநாடு வரைக்கும் போன செடி

ஞாயிற்றுக்கிழமை

நான் 11:20
[புகைப்படம்]
முடிஞ்சது. துணி கட்டினது பதினொண்ணும் போச்சு. மதில்ல ஹூக் அடிச்சு மூணடியில ஒரு கம்பி, அஞ்சடியில ஒரு கம்பி. புதுசுல தடிமனா ஆறை மட்டும் விட்டு விசிறி மாதிரி கட்டியிருக்கோம்

நான் 11:24
முழுக் கொம்பா உருவப் போய் சித்தப்பா சட்டை கிழிஞ்சது. அப்புறம் நுனியில இருந்து ஒவ்வொரு அடியா நறுக்கிக்கிட்டே வந்தோம், சுலபமா இருந்துச்சு. ஹார்ட்வேர் கடையில வாங்கின வெல்டிங் க்ளவுஸ்தான் காப்பாத்துச்சு. தோட்ட க்ளவுஸ்னு துணியில விக்கறாங்களே, அதுல முள்ளு வெண்ணெயில போற மாதிரி போகுது

கோத்தகிரி மாமா 11:31
நல்லா இருக்கு. ஆறும் நாலடி வந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்க, பக்கக் கிளை வரும். அதுலதான் காய்ப்பு. தை மாசம் அந்தக் கிளையை ஒண்ணரை அடிக்குக் குறைச்சுக்கலாம். வெட்டினதை எங்க போட்டீங்க?

சித்தி 11:33
குப்பை வண்டில முள்ளுன்னு வாங்க மாட்டேன்னுட்டாங்க. சாக்குல போட்டு மாடியில காய வெச்சிருக்கோம். அஜ்ஜிக்கு ஒரு கிண்ணம் பழம் குடுத்தேன். தின்னுட்டு துளசித் தொட்டியில மொளைச்சதைத் தனக்கு வேணுங்கறாங்க 🤦‍♀️

அம்மா 11:34
மாடியில குட்டி செருப்பில்லாம ஓடுவானே. சாக்கு வாயைக் கட்டினியா?

சித்தி 11:34
கட்டல. இதோ போறேன்