பதினைந்து வருடமாகப் போகும் டாக்டரிடம் இனி நாயைக் கொண்டு போகலாமா?

செவலை வீட்டுக்காரி:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சின்னப் பட்டணம் எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொன்னால் எந்த கிளினிக் என்று தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை.

2009-இலிருந்து ஒரே டாக்டர்தான். முன்பு இருந்த நாய் வீரனைக் காட்டுப்பன்றி விலாவில் கிழித்துவிட்ட ராத்திரி, வீட்டுக்குப் போய்விட்டவர் திரும்பி வந்து கிளினிக்கைத் திறந்து தைத்தார். 22 தையல். சம்பளம் போட்டதும் பணம் கொடுத்தால் போதும் என்றார். வீரன் அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தான்.

போன மாதம் இப்போது இருக்கிற நாய் செவலை சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆறு வயது, 14 கிலோ. பன்னிரண்டு நாளில் மூன்று முறை கொண்டு போனேன். மூன்று முறையும் தள்ளி நின்றே பார்த்தார். வெயில் சூடு என்றார், ஒரு ஊசி, வைட்டமின் மாத்திரை, 110 வெள்ளி (ரிங்கிட்). காதுக்குள் உண்ணி இருந்ததே டாக்டர் என்று சொன்னேன். "தோட்டத்து நாய்க்கு உண்ணி இல்லாமலா?" என்றார். ஊசி போட்ட இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடுவாள், மறுபடி படுத்துவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஐந்து மணி. விளக்கைப் போட்டால் பின் கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து. கிளினிக்குக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கணவர் செம்பனைக் குலை லாரியோடு ஆலைக்குப் போயிருந்தார். கொழுந்தனார் காரில் ஈப்போ டவுனில் இருக்கிற கிளினிக்குக்கு ஓடினோம்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா முதல் வேலையாக மேல் உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே எங்கள் டாக்டர்தான். "அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள சிவப்பு திரும்பணும்மா" என்பார். எந்த நாய் வந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார். இந்த மூன்று தடவையும் பார்க்கவில்லை. அவர் இருக்கிறார் என்று நானும் பார்க்காமல் விட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்றார்கள். நமக்கு டெங்கி வந்தால் இறங்குமே பிளேட்லட், அது 21 ஆயிரம்தான் இருந்தது. இரண்டு லட்சத்துக்குப் பக்கமாவது இருக்க வேண்டுமாம். டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கணவர் பழசை மறக்கக் கூடாது என்கிறார். வீட்டில் இன்னும் இரண்டு பூனைகள், தடுப்பூசி நேரமும் வந்துவிட்டது. நான் என்ன செய்ய? எங்கள் டாக்டரிடம் பழைய சிகிச்சைக் கார்டுகளைக் கேட்டால் கொடுப்பார்களா?

ஈப்போ கிளினிக் உதவியாளர்:

அக்கா, முதலில் செவலையைப் பார்ப்போம். ஒரு வாரத்தில் ஓடியாட ஆரம்பித்துவிடும், நிறைய பேர் அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். 28 நாளும் கொடுங்கள், சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். பாதியில் விட்டால் கிருமி உடம்பிலேயே தங்கி, மாதங்கள் கழித்து மோசமாகத் திரும்பி வரலாம். முடிந்ததும் ரத்தம் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம். அது போட்டால் காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் பசி எடுக்கும், நோய் அப்படியே இருக்கும். என்ன ஊசி என்று கேட்டு ஈப்போ டாக்டரிடம் சொல்லுங்கள்.

உண்ணி நாய் மேல் மட்டும் இல்லை. ரத்தம் குடித்துவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில், பலகை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். படுக்கிற இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். தோட்டத்தில் தெளிக்கிற மருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிற பழக்கம் சில லயங்களில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், இருக்கிறது. தயவு செய்து அது மட்டும் வேண்டாம்.

டிரஸ்ஸர் மகன்:

தங்கச்சி, என் அப்பா தோட்டத்து டிரஸ்ஸர், தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்கிறவர். ஐம்பது லயத்துக்கும் ஒரே ஆள். கடைசி வருடங்களில் தொட்டுப் பார்க்காமலே மாத்திரை கொடுத்தார். கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் டாக்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவரிடமே போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

பூனைக்குட்டி 7:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் அக்காவின் நாய் செத்திருந்தால்? கார்டு நகலை எழுத்து மூலம் கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். 1974 கால்நடை மருத்துவர் சட்டத்தின் கீழ் மலேசிய கால்நடை மருத்துவ மன்றம் இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அங்கேதான்.

செவலை வீட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ஈப்போ ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். கார்டு கேட்டேன், மறுக்கவில்லை, அவரே எடுத்து வந்தார்.

வீரன் கார்டில் ஒவ்வொரு வரிசையிலும் எடை, காய்ச்சல் எத்தனை டிகிரி, ஈறு நிறம் எல்லாம் அவர் கையெழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறது. செவலை கார்டில் அந்த மூன்று தேதிக்கும் "காய்ச்சல், ஊசி" என்பதோடு சரி. எடைகூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். என்ன ஊசி என்று கேட்டேன். ஸ்டீராய்டுதான். ஈப்போ கிளினிக் தம்பி சொன்னது சரி. "நான் பார்த்திருக்கணும்" என்றார். வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அழுதுவிட்டேன். கோபத்திலா, அவரை அப்படிப் பார்த்ததிலா, தெரியவில்லை.

புகார் கொடுக்கப் போவதில்லை. ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்றால் இனி ஈப்போதான். பூனைகளுக்கும் அங்கேயே நாள் வாங்கிவிட்டேன். கணவருக்கு வருத்தம்தான், ஆனால் இரண்டு கார்டையும் காட்டிய பிறகு ஒன்றும் பேசவில்லை.

இன்றைக்குப் பதினாறாவது நாள் மாத்திரை. ஒன்றரை மாத்திரையைக் கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுத்தேன், தட்டையும் நக்கிவிட்டாள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. காலையும் மாலையும் நானே உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன்.