நாலு சக்கரமும் இழுக்கும் (4x4) வண்டி வைத்திருந்தாலே குற்றமா?

அம்பை விவசாயி: மழையில் வயல் பாதை உளையாகிவிடும், உர மூட்டை ஏற்றத்தான் மஹிந்திராவின் டீசல் 'தார்' ஜீப் வாங்கினேன். இப்போது வாட்ஸ்அப் முழுக்க 'இந்த வண்டிகள் காட்டுக்கு எமன்' என்று பிரச்சாரம். இதே மாதிரி வண்டி வைத்திருக்கிற நீங்களெல்லாம் என்ன பதில் சொல்கிறீர்கள்?

திசையன்விளைக்காரர்: அண்ணாச்சி, 2020 ஏப்ரலில் இருந்து விற்பது பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிதான், டீசல் என்றால் புகைக்கரியைப் பிடிக்க வடிகட்டியும் இருக்கிறது. கரும்புகை கக்குகிற பழைய லாரிகளை விட்டுவிட்டு நம் மேல் பாய்வது நியாயமே இல்லை.

உடன்குடிக்காரர்: புகை சரி, மண்? தேரிக்காட்டுச் செம்மணலைப் பிடித்து வைத்திருப்பது பனையும் கொல்லாமரமும் (முந்திரி) அடியில் படர்ந்த செடிகொடியும்தான். மேடு ஏற ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று வேரோடு பிய்த்துப் போடுகிறது, அப்புறம் அந்தத் தடத்தில் ஆடிக்காற்று புகுந்து மணலை அள்ளிக்கொண்டு போகிறது. இதில் அவர்கள் சொல்வது உண்மை.

களக்காட்டுக்காரர்: வயலுக்குப் போகிற வண்டியை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கிற நம் மலையில், அனுமதித்த பாதையை விட்டு ஓடைக்குள் வண்டியை இறக்கி வீடியோ போடுகிறார்களே, அவர்களை முதலில் நாம்தான் கண்டிக்க வேண்டும். பிரச்சாரம் செய்கிற பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், நேரில் உட்கார்ந்து பேசுவோம், நான் வருகிறேன்.