ஆசிரியர்களே, வாயு விதிகள் வகுப்பில் மறக்க முடியாத ஒரு கேள்வி: உங்களுக்கு நடந்தது என்ன? (பதில்கள் புனைபெயரில்)

கரும்பலகை:
சார்லஸ் விதி: அழுத்தம் மாறாவிட்டால் வாயுவின் கனஅளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும். 25 டிகிரி செல்சியஸில் 2 லிட்டர் வாயு, 50 டிகிரிக்குச் சூடாக்கினால் எவ்வளவு? பாதி வகுப்பு 4 லிட்டர் என்றது. 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றணும், 298, 323, விடை சுமார் 2.17 என்று வழக்கம்போல் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், நாம 273 கூட்டுறோம். அது அந்த வாயுவுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் அந்த வருடம் முழுக்க அவள் எதுவும் கேட்கவில்லை.

குடுவை:
எனக்கு பாயில் விதி: வெப்பநிலை மாறாவிட்டால், கனஅளவு குறையும் அதே விகிதத்தில் அழுத்தம் கூடும். ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து, 20 மில்லியை 10-க்கு அழுத்தச் சொன்னேன். அழுத்தம் இரண்டு மடங்கு என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஏன் என்றதும் ஒருவன், விரல் நுனி சிவக்க அழுத்திக்கொண்டே, "உள்ள இருக்கிற மூலக்கூறு நசுங்குது சார், அதான் திருப்பித் தள்ளுது" என்றான். தேர்வில் அந்தக் கணக்கில் அவனுக்கு முழு மதிப்பெண். மூலக்கூறு நசுங்கவில்லை, இடம் குறைந்ததால் சுவரில் அடிக்கடி மோதுகிறது என்று நான் ஒருநாளும் படம் போட்டுக் காட்டியதில்லை.

நேர்கோடு:
கரும்பலகை, அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி, சிரித்திருக்கக் கூடாது. செல்சியஸ் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் இடம், காற்றுக்கு அது ஒரு கணக்கே இல்லை. அழுத்தத்தை மாற்றாமல் 0, 25, 50, 75 டிகிரியில் கனஅளவை அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி நீட்டினால் −273 பக்கத்தில் கனஅளவு பூஜ்ஜியத்தைத் தொடும். ஹைட்ரஜனோ நைட்ரஜனோ, கோடு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். நிஜ வாயு அதற்கு முன்பே திரவமாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சார்லஸ் 1787 வாக்கில் செய்ததை கே-லூசாக் 1802-இல் வெளியிட்டார், கெல்வின் அளவுகோல் வந்தது 1848-இல். இந்த வரிசையில் நடத்தினால் 273 எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியும்.

குடுவைக்கும் ஒன்று. அழுத்தமானி வைத்துச் செய்தால், சாதாரண மானி வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் காட்டும், அதனால் அது காட்டுவதோடு வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாயில் விதியே பொய்யாகிவிடும். மானி 0 காட்டியதைப் பார்த்து ஒரு பையன் "உள்ளே காற்று இல்லை" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மானி அப்படித்தானே காட்டியது!

கரும்பலகை:
வரைபடம் இப்போது நானும் போடச் சொல்கிறேன். எப்படி நடத்துவது என்று நான் கேட்கவில்லை, அவள் நின்றபோது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே என்றுதான் சொல்ல வந்தேன். போன வாரம் ஒரு மாணவனுக்கு வரைபடத்தாள் போதவில்லை. கோட்டை நிறுத்தாமல் பெஞ்சு மேலேயே பென்சிலால் இழுத்துக்கொண்டு போய், ஓர் இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.