பெயின்ட் போட்ட கப்பல் தகடு: தடிமன் கருவி தடுமாறுகிறது

சேலம் சூரமங்கலத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இதுவரை கொதிகலன், குழாய் மட்டும்தான். அடுத்த மாதம் கொச்சியில், 15 வயதான சரக்குக் கப்பல் ஒன்றின் ஐந்தாண்டு சிறப்பு சர்வேக்குத் தகட்டுத் தடிமன் அளக்கும் குழுவில் போகிறேன். கடல் எங்கே என்றால் மேட்டூர் அணையைக் காட்டும் ஊர் இது; பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

கருவி மீயொலி (அல்ட்ராசோனிக்) வகை: 5 மெகாஹெர்ட்ஸ், ஒரே படிகம் ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் ஒற்றைப் படிகப் புரோப், அடுத்தடுத்து வரும் எதிரொலிகளின் இடைவெளியை வைத்துப் பெயின்டை விட்டுவிட்டு இரும்பை மட்டும் அளக்கும் பல எதிரொலி முறை. செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில் வாங்கிய தகட்டில் பழகுகிறேன். மைக்ரோமீட்டரில் இரும்பு மட்டும் 9.8 மில்லிமீட்டர், மேலே 0.4 பெயின்ட். ஒற்றை எதிரொலியில் 10.8 காட்டுகிறது. அது புரிகிறது: பெயின்டில் ஒலி இரும்பில் போகும் வேகத்தில் பாதிகூடப் போவதில்லை. பல எதிரொலியில் சமதளத்தில் 9.8 சரியாக வருகிறது. ஆனால் பின்புறம் துரு குழி குழியாக அரித்த இடத்தில் எண்ணே நிற்பதில்லை, மினுக்கிவிட்டு அணைகிறது. தெரிய வேண்டியதே அந்த இடம்தான்!

கேபிள், பேட்டரி மாற்றினேன். புரோபிலிருந்து ஒலி தகட்டுக்குள் போகத் தடவும் ஜெல்லுக்குப் பதில் கிரீஸ் தடவினேன். புரோப் சவ்வுக்கு அடியில் காற்றுக் குமிழி இல்லை. தெரிந்த தடிமன்கள் கொண்ட படிக்கட்டுக் கட்டையில் சரிபார்த்தேன், அளவு துல்லியம்; ஒலிவேகம் வினாடிக்கு 5920 மீட்டர் என்று வைத்திருக்கிறேன்.

இத்தகைய இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு இரட்டைப் படிகப் புரோபால் (ஒரு படிகம் ஒலியை அனுப்ப, மற்றது பெற) எடுக்கும் அளவை கிளாஸ் சர்வேயர்கள் (கப்பலுக்குத் தரச்சான்று தரும் சங்கத்தின் ஆய்வாளர்கள்) ஏற்றுக்கொள்கிறார்களா?