சின்சிலாவுக்கு இதய மருந்து: புழுக்கை சிறுத்து உலர்ந்துவிட்டது, ஃபுரோசிமைடைக் குறைக்கலாமா?

வானதி, ஸ்கார்பரோ:
வணக்கம். எங்கள் வீட்டில் வளரும் சின்சிலா (அடர்ந்த ரோமமுள்ள கொறிக்கும் பிராணி), பெயர் சாம்பல், அவனுக்கு ஒன்பது வயது. வசந்த காலத்தில் மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தபோது முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் மிட்ரல் வால்வில் கசிவும் இடது மேலறை வீக்கமும் தெரிந்தன; எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. அன்று முதல் ஃபுரோசிமைடு (நீரை வெளியேற்றுவது), பிமோபென்டான் (இதயத் துடிப்பை வலுவாக்குவது), பெனாசெப்ரில் (ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது) மூன்றையும் கொடுத்து வருகிறோம். இரைப்பு தணிந்து, இரவில் மேல்தட்டு வரை தாவவும் ஆரம்பித்துவிட்டான்.

இந்த வாரம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. புழுக்கை பாதியளவாகச் சிறுத்து, முனை கூர்த்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்கிறது. உலர்புல்லை ஓர் இழை இழுத்து, இரண்டு கடி கடித்துவிட்டுப் போட்டுவிடுகிறான். ஃபுரோசிமைடு உடம்பின் நீரை வடித்துவிடும் என்கிறார்கள். ஒரு வேளையை நிறுத்திப் பார்க்கலாமா? எங்கள் மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார்.

கபிலன்:
நீங்களாக நிறுத்தாதீர்கள், தங்கச்சி. நிறுத்தினால் நுரையீரலில் மறுபடி நீர் கோக்கலாம். பகலில் அவன் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். சமையலறைத் தராசில் எடையும் பாருங்கள். மருந்துக்கு முரண்டு பிடித்தால் உலர்திராட்சைக்குள் வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

யாழினி (கால்நடை மருத்துவமனைச் செவிலி):
திராட்சை வேண்டாம், கபிலன். புல்லையே தொடாத பிராணியின் குடலில் சர்க்கரை நொதித்து வயிறு உப்பிவிடும்.

வானதி, எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். தூக்கத்தில் மூச்சு எத்தனை? ஃபுரோசிமைடு எத்தனை மில்லிகிராம்? மில்லிலிட்டர் மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. மருந்தகம் கலந்து தரும் குப்பிகளின் செறிவு மாறக்கூடும், அதே 0.1 மில்லி இரண்டு மடங்கு மருந்தாகிவிடும். கடைசியாக, இந்த மூன்றைத் தவிர அண்மையில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தார்களா?

வானதி:
மூச்சு நிமிடத்துக்கு 52, வாயை மூடித்தான் விடுகிறான். குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்று இருக்கிறது; 0.1 மில்லி, அதாவது 1 மில்லிகிராம், காலை மாலை. எடை 560 கிராமிலிருந்து 522க்கு இறங்கிவிட்டது.

சென்ற வாரக் கடைசியில் எச்சில் வடிந்து தாடை நனைந்திருந்தது. எங்கள் மருத்துவமனை மூடியிருந்ததால் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனோம். கடைவாய்ப் பல்லில் முள்போல வளர்ந்திருந்ததை ராவிவிட்டு, வலிக்கு மெலாக்ஸிகாம் தந்தார்கள். இதய மருந்துகளை நான் வரிசையாகச் சொன்னேன். அவற்றைக் கோப்பில் ஏற்றியதாகத் தெரியவில்லை.

யாழினி:
எனக்குச் சந்தேகம் அங்கேதான். ஃபுரோசிமைடு நீரை வெளியேற்றுகிறது, பெனாசெப்ரில் சிறுநீரகத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. இவற்றோடு மெலாக்ஸிகாம் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு ஃபுரோசிமைடின் வேலையையும் அது மந்தமாக்கும். தனியாகக் கொடுத்தால் பல சின்சிலாக்களுக்கு ஒத்துப்போகும் மருந்துதான். சாம்பலுக்கு இப்போது அது ஆபத்து. பல் வலியும் தீராமல் இருக்கலாம். கடித்துவிட்டுப் போடுவது அதைத்தான் காட்டுகிறது.

திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள். சின்சிலா ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் அசைவு நின்றுபோகும். இன்றிரவே அவசரப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த வேளை மெலாக்ஸிகாமைக் கொடுப்பதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். நான்கு குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வண்டியில் குளிர்சாதனம் ஓடட்டும். அடர்ந்த ரோமத்தால் 25 டிகிரிக்கு மேல் போனாலே அவற்றுக்குத் தாங்காது, இதயம் பழுதானவனுக்கு இன்னும் கடினம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ ஈறு நீலம் பாய்ந்தாலோ வலிந்து எதையும் ஊட்டாதீர்கள். பிராணவாயுதான் முதலில் வேண்டும்.

வானதி:
யாழினி அக்கா, அன்றிரவே போனோம். ரத்தத்தில் சிறுநீரக அளவுகள் ஏறியிருந்தன. மெலாக்ஸிகாமை நிறுத்தி, வலிக்கு பியூப்ரினார்ஃபின் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்ததால் மருத்துவரே ஃபுரோசிமைடு அளவைக் குறைத்தார்; மறு பரிசோதனை வரை பெனாசெப்ரிலையும் நிறுத்திவைத்திருக்கிறார். பிமோபென்டான் மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. நார்ச்சத்து மாவைக் குழைத்துச் சிறுகச் சிறுக ஊட்டினோம். இப்போது புழுக்கை பருத்து ஈரப்பசையோடு விழுகிறது, எடையும் ஏறத் தொடங்கிவிட்டது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. சிரிஞ்சைக் கண்டாலே துள்ளுகிறான். அழுத்திப் பிடித்தால் ரோமம் கொத்தாகக் கையோடு வந்துவிடுகிறது. என்ன செய்வது?

யாழினி:
படிக்கவே மனது நிறைகிறது. ரோமத்தைக் கழற்றிவிட்டுத் தப்புவது அவற்றின் தற்காப்பு, பிடியை இறுக்காதீர்கள். போராட்டம் மூச்சையும் இதயத்தையும் சேர்த்து வாட்டும். மெல்லிய துண்டை விரித்து அவனை மடியில் உட்கார வைத்து, நெஞ்சை அமுக்காமல் பின்புறத்தை மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லி சிரிஞ்சின் முனையைப் பக்கவாட்டில் அதில் நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மென்று விழுங்கியபின் அடுத்த சொட்டு. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

பிமோபென்டான் கலவை அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தண்ணீரைக் கட்டுப்படுத்தாதீர்கள், கூண்டில் இரண்டு புட்டிகள் தொங்கட்டும், ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றது இருக்கும்.

கபிலன்:
பிமோபென்டானை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அக்கா?

யாழினி:
நாய்க்கு அப்படித்தான், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பார்கள். சின்சிலாவை அதற்காகப் பட்டினி போடக் கூடாது, குடல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் போதும்.

வானதி:
நான்கு குப்பிகளின் பெயர், மில்லிகிராம், செறிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டுப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். மெலாக்ஸிகாம் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘கொடுக்கக் கூடாது’ என்று இருக்கிறது. மறு ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.