மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றே ஞாபகம் இல்லை. எதை விடுவது, சொல்லுங்கள்

நூல்கண்டு (கேள்வி):

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்கே துணி, தையல் ஆட்களுக்கும் நடுவில் நின்று வேலையை நடத்துவது). வயது 38. மகள் எட்டாவது, மகன் மூன்றாவது படிக்கிறார்கள். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார், தைத்த பனியன்களில் குறை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் வேலை. ஆவணி மாதம் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் முன்பே உண்டு. பகலில் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அத்தைக்குச் சாப்பாட்டுக்கு முந்தின சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். அதே நேரம் வீதியில் நல்ல தண்ணி வந்துவிட்டது என்று சத்தம். எங்கள் பக்கம் வாரம் ஒரு தரம்தான் வரும், விட்டால் போச்சு. ஓடிப் போய் ஹோஸ் மாட்டித் தொட்டிக்குத் திருப்பிவிட்டு வந்தேன். சட்னி அடிப்பிடித்திருந்தது. மகன் ஒரு ஷூ மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறான். "அத்தை, மாத்திரை போட்டாச்சுங்களா?" என்றேன். "இல்லையே கண்ணு" என்றார். எனக்கும் கொடுத்த மாதிரி நினைவே இல்லை. இன்னொன்று கொடுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டு அக்கா போன். அத்தைக்கு வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குளறுகிறது என்றார். அந்த அக்காவே சர்க்கரைத் தண்ணி கரைத்துக் கொடுத்திருந்தார், அவர் புண்ணியம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ராத்திரி அட்டையை எடுத்துப் பார்த்தேன், செவ்வாய்க்கு இரண்டு குழி காலி. அத்தை எல்லோரிடமும் "எனக்குத்தான் மறந்து போச்சு, அவ என்ன பண்ணுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதே வாரம் ஆபீஸிலும் ஒன்று. 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி துணி, நேவி கலர். லேப் டிப்பில் (சாயம் போடும் முன் காட்டும் சின்னக் கலர் சாம்பிள்கள்) பையர் ஓகே செய்தது 'பி'. நான் டையிங்குக்கு 'சி' என்று மெயில் போட்டிருக்கிறேன். டையிங் மாஸ்டர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் தப்பித்தேன். பல்க், அதாவது மொத்தத் துணியும், அந்தக் கலரில் ஓடியிருந்தால் என் ஒரு வருடச் சம்பளத்தில் அடங்காது.

யாராவது எனக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்கள். நானே ஒன்று போட்டேன். காலை 4.45க்கு ஆரம்பித்து ராத்திரி 11.15க்கு முடிகிறது. அதில் எதை நுழைப்பது, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

காலைப்பனி:

கவலை வேண்டாம் சகோதரி. எல்லாம் மனசுதான். நாலு மணிக்கே எழுந்து அரை மணி நேரம் பிராணாயாமம் செய்து பாருங்கள், நாள் முழுவதும் நிதானமாக இருக்கும். என் அனுபவம்.

மூணாம்ஷிப்ட்:

காலைப்பனி சார், 11.15க்குப் படுக்கிறவரை நாலு மணிக்கு எழுப்பினால் அடுத்த வாரம் மாத்திரை இரண்டு இல்லை, மூன்று போகும்.

பழையமெர்ச்சன்:

தங்கச்சி, நானும் 17 வருடம் இதே சீட்டில் உட்கார்ந்தவள். உங்கள் 11.15 எதில் போகிறது என்று எனக்குத் தெரியும். பையர் மெயில்தானே?

ஜெர்மனி பையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குளிர்காலக் கணக்கு, நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். அவர்கள் ஆபீஸில் காலை 9 மணி என்றால் நமக்கு மதியம் 1.30. சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பினால் நமக்கு ராத்திரி 9.30. பத்தரைக்குப் படுக்கையில் சாய்ந்துகொண்டு நீங்கள் போடும் பதிலை அங்கே யார் பார்க்கிறார்கள்? மறுநாள் நம் மதியம் ஒன்றரைக்குத்தான் திறப்பார்கள். அதே பதிலைக் காலை பத்து மணிக்குத் தெளிந்த தலையோடு போட்டாலும் அதே நேரத்தில்தான் போய்ச் சேரும். எனக்கு இது உறைக்கவே ஒன்பது வருடம் ஆனது! அவசரம் என்றால் போன் செய்வார்கள். நான் எட்டரைக்கு மேல் மெயில் திறப்பதை நிறுத்தினேன், ஒரு ஷிப்மென்ட் கூட அதனால் நிற்கவில்லை. மேனேஜர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். அந்த 'சி' மெயிலும் ராத்திரி போட்டதாகத்தான் இருக்கும், பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஆபீஸில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் டிஎன்ஏ ஷீட் போடுகிறோம் (ரத்தப் பரிசோதனை டிஎன்ஏ இல்லைங்க, மற்றவர்கள் பயந்துவிடாதீர்கள். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்கிற அட்டவணை). அதில் கடைசிக் கட்டம் என்ன? பொறுப்பு யார். லேப் டிப்புக்கு ஒருவர், டிரிம்ஸுக்கு (பட்டன், லேபிள் மாதிரி) ஒருவர், கட்டிங்குக்கு ஒருவர். உங்கள் வீட்டுக்கு ஒரு டிஎன்ஏ போட்டுப் பாருங்கள். நேரத்தை விடுங்கள், அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயர்தான் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். எந்த பையர் ஆடிட்டில் அந்த ஷீட் பாஸாகும்?

வார்டு அக்கா:

நான் நர்ஸ், 22 வருடம். டைம்டேபிள் அப்புறம், முதலில் மாத்திரை.

சர்க்கரை மாத்திரைகளில் சில வகை இரண்டு போட்டால் வயிற்றைக் கலக்குவதோடு போகும். கிளிமிபிரைடு வகை அப்படி இல்லை, சர்க்கரையை அதல பாதாளத்துக்கு இழுக்கும். ஒரு முறை சர்க்கரைத் தண்ணியில் ஏறினாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். அதனால்தான் ஒரு நாள் வைத்திருந்தார்கள். இனி ஒருவேளை வந்தால்: அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், 70க்குக் கீழ் இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறியதும் இட்லியோ சாதமோ. ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். 108க்கு அடியுங்கள். இதை எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லி வையுங்கள். டாக்டரிடம், இந்த வயதுக்கு இந்த அளவு மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

மெடிக்கலில் ஏழு நாள் மாத்திரைப் பெட்டி கிடைக்கும். ஞாயிறு ராத்திரி நிரப்பிவிட்டால் செவ்வாய் காலைக் குழி காலியா இல்லையா என்று கண் சொல்லும். ஞாபகத்துக்கு வேலையே இல்லை. நாங்கள் வார்டில் யாரும் ஞாபகத்தை நம்புவதில்லை. கொடுத்த உடனே சார்ட்டில் டிக் போட்டாக வேண்டும். டிக் இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றுதான் கணக்கு. 22 வருடம் ஆன நானே அப்படி. மூன்று வேலைக்கு நடுவில் நிற்கிற உங்களுக்கு மறந்தது பெரிய விஷயமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று அரசாங்கத் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும் வீட்டில் வந்து செய்வார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்திருக்கிறீர்களா?

உங்கள் தூக்கம் எப்படி? சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறது, படுத்தால் தூக்கம் வரவில்லை என்று இருந்தால் 14416 என்கிற எண்ணில் டெலிமானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி போன் இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. வெட்கப்பட ஒன்றும் இல்லை கண்ணு.

மூணாம்ஷிப்ட்:

நான் ஆம்பளை, அதனால் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கேள்வியில் உங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு வரியில் வருகிறார். அதற்கப்புறம் ஆளையே காணோமே?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பேன், அதைச் சொல்லிவிட்டு டிவி பார்ப்பேன். என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "உனக்குச் சொல்லணும்னா நான் ஞாபகம் வெச்சிருக்கணும். அதுதான் வேலையே." அன்றிலிருந்து கேஸ், பால், பிள்ளைகளின் ஃபீஸ் மூன்றும் என் தலையில். முதல் மாதம் கேஸ் தீர்ந்து ஹோட்டலில் சாப்பிட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் அப்புறம் மறக்கவில்லை.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றிங்க. பழையமெர்ச்சன் அக்கா, பார்த்தேன், அந்த மெயில் ராத்திரி 10.52க்குப் போனது!

ஷீட் போட்டேன். 31 வரி வந்தது, 27இல் என் பெயர். அவர் பெயர் மூன்றில்: வண்டிக்குப் பெட்ரோல், கரண்ட் பில், ஞாயிற்றுக்கிழமை கறி. மகள் பெயர் ஒன்றில், வாசல் கோலம், அதுவும் மார்கழிக்கு மட்டும்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தீபாவளி போனஸ் கொடுத்த கையோடு இரண்டு பேர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. அவரே டேபிளில் உட்கார்ந்து பீஸ் பார்க்கிறார். ஒன்பது மணிக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். சொல்லாமல் விட்டது என் தப்பும்தான், நான் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நானே இழுத்துப் போட்டுக்கொண்டதுதான் பாதி.

பழையமெர்ச்சன்:

செக்கிங் யூனிட் வைத்திருக்கிறவருக்குப் பேசிப் புரியவைக்காதீர்கள், ஷீட்டைக் காட்டுங்கள். அந்த ஆட்களுக்குத் தாளில் இருந்தால்தான் ரிஜெக்‌ஷன் ரிஜெக்‌ஷன்.

இன்னொரு கேள்வி. மகன் அரசுப் பள்ளியா? 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் ஐந்தாவது வரை காலைச் சாப்பாடு உண்டே. அப்புறம் ஏன் ஏழரைக்குச் சட்னி?

நூல்கண்டு:

அரசுப் பள்ளிதாங்க. போடுகிறார்கள், பொங்கல் நன்றாக இருக்கிறது என்று அவனே சொல்வான். "நம்ம வீட்ல சோறு இல்லையா, புள்ளைய வெறும் வயித்தோட அனுப்பற" என்று அத்தை ஒரு தரம் கேட்டார். அதிலிருந்து இங்கேயும் ஊட்டி அனுப்புகிறேன். அங்கேயும் சாப்பிடுகிறான். யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது.

நூல்கண்டு (மூன்று வாரம் கழித்து):

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஷீட்டை அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "31ல 27ஆ?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்து மாத்திரை, தண்ணி, ஆஸ்பத்திரி மூன்று வரியிலும் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். மருந்துப் பெட்டியை இப்போது ஞாயிறு ராத்திரி அவர்தான் நிரப்புகிறார். பீஸ் பார்க்கிற மாதிரியே டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு மாத்திரையாகப் பார்க்கிறார், முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் பத்து நிமிடத்தில் முடிப்பேன். வாயைத் திறக்கவில்லை.

தண்ணியை ஒரு வாரம் விட்டுவிட்டார். லாரித் தண்ணி வாங்கினோம். அதற்கும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் மூணாம்ஷிப்ட் அண்ணா, அது ரொம்பக் கஷ்டம்! பிசியோ அம்மா இரண்டு தரம் வந்து போனார். எட்டரைக்கு மேல் மெயில் பார்ப்பதில்லை என்று சொல்ல ஆசைதான், வாரத்தில் நாலு நாள் பார்ப்பதில்லை.

மகனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியில்தான். அத்தைக்கு நான் சொல்லவில்லை, அவனே போய், "அப்பத்தா, நாளைக்கு ஸ்கூல்ல கிச்சடி, உனக்கு டப்பால கொண்டு வரட்டா?" என்று கேட்டிருக்கிறான். "உங்க டீச்சரு திட்டாதாடா?" என்றாராம். இன்று காலை ஏழரைக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல் அத்தையோடு திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது காபி குடித்தேன்.